ஐந்து கிலோ ஃபித்ரா

அந்த நோன்புப் பெருநாள் காலையில் நான் ஓடிய ஓட்டத்தை அதற்கப்புறம் எந்த ரயிலைப் பிடிக்கவும் ஓடியதில்லை. எனக்கு அப்போது பத்து வயது. முதன்முறையாக மாதம் முழுக்க ஒரு நோன்புகூடத் தவறாமல் பிடித்திருந்தேன். மண்ணூர்பேட்டையில் இந்தச் செய்தி தெரியாதவர்கள் யாராவது இருந்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. பால்காரர், எதிர்வீட்டு அக்கா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்று என்னால் முடிந்தவரை எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

அந்தப் பெருமையோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆலிமாதான் கெடுத்தார். சாயங்காலங்களில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர் அவர். நோன்பு முடியப் பத்து நாள் இருக்கும்போது ஃபித்ராவைப் பற்றிச் சொன்னார். வீட்டில் எத்தனை தலை இருக்கிறதோ அத்தனைக்கும் அளந்து, இல்லாதவர்களுக்கு அரிசியோ கோதுமையோ கொடுக்க வேண்டும். பெருநாளன்று யார் வீட்டு அடுப்பும் அணைந்து கிடக்கக் கூடாது என்பதற்காக வந்த கடமை அது. அதையும் பெருநாள் தொழுகைக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். தொழுகை முடிந்து கொடுத்தால் அது சாதாரண தர்மம்தான், ஃபித்ரா ஆகாது. "கொடுக்காதவங்க நோன்பு மேலே போகாது. வானத்துக்கும் பூமிக்கும் நடுவில அப்படியே நிற்கும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எனக்கோ அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் நாக்கு வறள வறளச் சேர்த்த என் நோன்புகள் எல்லாம், பக்கத்து ஃபேக்டரி எஸ்டேட்டுக்கு மேலே கரண்ட் கம்பியில் மாட்டிய காத்தாடி மாதிரி படபடத்துக்கொண்டிருப்பது கண்ணில் தெரிந்தது.

ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீட்டு ஃபித்ராவைக் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். நாங்கள் நாலு பேர், அத்தா, அம்மா, நான், தம்பி. தலைக்கு இரண்டரை கிலோ என்று பத்துக் கிலோ அரிசியை அத்தா ஒரு பையில் கட்டி வாசலில் வைப்பார். சைக்கிள் கேரியரில் வைத்து, மூன்று தெரு தள்ளி இருந்த துணிப் பெரிம்மா வீட்டில் நான் இறக்கிவிட்டு வருவேன். அவள் எங்களுக்கு உறவு ஒன்றும் கிடையாது. புருஷன் இறந்தபின் பனியன் கம்பெனிகளில் கழிக்கிற வேஸ்ட் துணியை மூட்டையாக வாங்கி, பிரித்து, முடிச்சு முடிச்சாகக் கட்டி லேத் பட்டறைகளுக்குக் கொடுப்பாள். எண்ணெய்க் கையைத் துடைக்கப் பட்டறைக்காரர்களுக்கு அது தினமும் வேண்டும். அத்தா எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். அவர் பட்டறைக்கும் துணி அவளுடையதுதான்.

"நீங்களே போய்க் குடுக்க வேண்டியதுதானே, அந்தப் பிள்ளைய எதுக்கு அனுப்புறீங்க?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள். சின்னப்பிள்ளை கையிலிருந்து வாங்கினால் வாங்குகிறவர்களுக்குத் தலை குனியாது என்றார் அத்தா. எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. சைக்கிளில் ஒரு சுற்றுப் போகலாம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்த வருஷம் என்னவோ எல்லாம் தாமதமாகிக்கொண்டே போயிற்று. "எப்போ அத்தா ஃபித்ரா?" என்றால் "பார்க்கலாம்மா" என்பார். அடுத்த நாளும் பார்க்கலாம். அதற்கடுத்த நாள் நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா என் தொடையில் கிள்ளினாள். சைக்கிளைக் காணோம், கேட்டால் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார்கள். பள்ளிவாசலில் நோன்புக்கஞ்சி வாங்க எப்போதும் சின்னத் தூக்குவாளியைக் கொடுக்கும் அம்மா, அந்த வருஷம் பெரியதைக் கொடுத்து அனுப்பினாள். நோன்பு திறந்ததும் கஞ்சி, ராத்திரிக்கும் கஞ்சி. அம்மாவுக்கு வயதாக வயதாகக் கஞ்சியில் ஆசை கூடிவிட்டது என்று நான் தம்பியிடம் விளக்கினேன்.

அத்தாவின் பட்டறையை நோன்பு ஆரம்பிக்கும் முன்பே மூடிவிட்டார்கள் என்பதும், அவர் தினமும் காலையில் கிளம்பி வேலை கேட்டு எஸ்டேட் முழுக்க நடந்தார் என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என் அத்தா ஃபித்ரா விஷயத்தில் அசட்டையாக இருக்கிறார், அதனால் என் நோன்பு அந்தரத்தில் நிற்கப்போகிறது என்பதுதான்.

பெருநாள் விடிந்தது. தொழுகை எட்டரைக்கு. ஏழரைக்கே அத்தா தம்பியைக் குளிப்பாட்டி, போன வருஷத்துச் சட்டையைப் போட்டுவிட்டு, அத்தர் தடவி, பள்ளிவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. மற்ற வருஷங்களில் இந்நேரம் வெங்காயம் வதங்கும் வாசனை தெருமுனை வரை போயிருக்கும். அரிசி டிரம்மைத் திறந்து பார்த்தேன், அடியில் ஒரு பிடி கிடந்தது. பெருநாளுக்கு அரிசிகூட வாங்கி வைக்காமல் அப்படி என்னதான் செய்கிறாளோ இந்த அம்மா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வாசல் கதவைத் திறந்தேன்.

படியில் ஒரு பை இருந்தது. வெள்ளைச் சாக்குத்துணிப் பை, வாய் முடிச்சுப் போட்டிருந்தது. அமுக்கிப் பார்த்தேன், அரிசி.

எனக்கு உயிர் வந்தது. கடைசியில் அத்தா மறக்கவில்லை! எனக்காக வழக்கம்போல் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தூக்கிப் பார்த்தால் பாதிக் கனம்தான், ஐந்து கிலோ தேறினால் அதிகம். நாலு தலைக்கு ஐந்து கிலோவா? அத்தாவுக்குக் கஞ்சத்தனம் வந்துவிட்டது. சரி, இதுவாவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும், மீதியை அல்லாவிடம் அவரே பேசிக்கொள்ளட்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போக நேரமில்லை.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஆலிமா சொல்லியிருந்தார். ஆகவே பையை வலது கையில் மட்டும் பிடித்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நடந்தேன். பத்தடிக்கு ஒருதரம் பை முட்டியில் இடித்தது. எதிர்வீட்டு அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாமே, காலங்காத்தால அரிசி தூக்கிகினு எங்க ஓடுற? எனக்கு பிரியாணி எப்போ வரும், அத்தச் சொல்லு மொதல்ல."

கொடுப்பதை ரகசியமாகக் கொடுக்க வேண்டுமே. "அரிசி இல்லக்கா, புக்கு" என்றேன்.

"புக்கா? ஓரத்துல சிந்துது பாரு உன் புக்கு!"

பெருநாள் காலையில் ஒரு பொய். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது தெருவில் நுழையும்போது பள்ளிவாசல் மைக்கில் தக்பீர் முழக்கம் நின்று, தொழுகைக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, வெளியே நிற்பவர்கள் உள்ளே வாருங்கள் என்று அறிவிப்பு வந்தது. இடது கையாவது வலது கையாவது! பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். கம்பெனி வேன் ஒன்று ஹாரன் அடித்தது. செருப்பு ஒன்று கழன்று சாக்கடை ஓரம் விழுந்தது. அதை எடுக்கத் திரும்புவதா வேண்டாமா என்று ஒரு நொடி நின்று, எடுத்துக் கக்கத்தில் சொருகிக்கொண்டு மறுபடி ஓடினேன்.

துணிப் பெரிம்மா வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் சேமியா கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் மகன் வெள்ளை ஜிப்பாவில் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அந்த நோன்பு மாதத்தில்தான் அவனுக்கு அண்ணனூர் கார்ஷெட்டில் ரயில் பெட்டி கழுவுகிற காண்ட்ராக்டில் வேலை கிடைத்திருந்தது. நான் மூச்சு வாங்க உள்ளே போய்ப் பையைத் தரையில் இறக்கினேன்.

"அத்தா ஃபித்ரா குடுத்துட்டு வரச் சொன்னாரு."

அவன் பையைப் பார்த்தான். "ம்மா, இது நாம இப்போ..." என்று ஆரம்பித்தான்.

"நீ தொயுகைக்குக் கெளம்புடா, டைம் ஆவுது!" என்று பெரிம்மா போட்ட சத்தத்தில் நானே துள்ளிவிட்டேன். அவன் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

இப்போது நினைத்தால் விளங்குகிறது. அத்தாவின் பட்டறை மூடியது துணி போடப் போன அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? மகன் சம்பாதிக்க ஆரம்பித்த அந்த வருஷம், தாய்க்கும் மகனுக்குமாக இரண்டு தலைக்கு ஐந்து கிலோ அளந்து, தன் வாழ்நாளின் முதல் ஃபித்ராவை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அத்தா தெருவைத் தாண்டும் வரை எங்கேயோ மறைந்து நின்று, கதவைத் தட்டாமல் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் வீட்டுக்கு வந்து சேமியாவைக் கிண்டி இறக்குவதற்குள் அதே பையை நான் அவள் காலடியில் கொண்டுவந்து போட்டேன், அத்தா கொடுத்ததென்று.

அவள் குனிந்து அந்த முடிச்சைத் தொட்டாள். அவள் கட்டிய முடிச்சு. பிறகு இரண்டு கையாலும் பையை எடுத்து, ஒவ்வொரு வருஷமும் சொல்கிற மாதிரியே, "அல்லா உங்கத்தாவுக்கு பரக்கத்து குடுப்பான், கண்ணு" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கண்தான் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்று நினைத்தேன், அவள் வீட்டில் இருந்தது கேஸ் அடுப்பு.

நான் கிளம்பினேன். "இரு இரு" என்று பையோடு உள்ளே போனாள். அரிசி கொட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு மஞ்சள் பையோடு வெளியே வந்தாள். அதிலும் அரிசி.

"இது என் ஊட்டு ஃபித்ரா. உங்கம்மா கையில குடு. இல்லாதவங்க யாருக்காச்சும் குடுத்துடச் சொல்லு. எனக்கு இங்க யாரையும் தெரியாது. அவங்களுக்குத்தான் தெரியும்."

பிறந்ததிலிருந்து மண்ணூர்பேட்டையிலேயே இருப்பவளுக்கு யாரையும் தெரியாதாம், நேற்று வந்த எங்கள் அம்மாவுக்குத் தெரியுமாம். கேட்க நினைத்தேன். ஆனால் மைக்கில் இன்னும் பத்து நிமிஷம் என்றார்கள். இப்போது இரண்டு வீட்டு நோன்பு என் தலையில் இருந்தது. மஞ்சள் பையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்த வழியே ஓடினேன்.

"இன்னாடி, போன புக்கு திரும்பி வருதா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள். இது வேறே புக்கு என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் விழுந்தேன்.

அம்மா ஈரத்தலையோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். "எங்கடி போன, சொல்லாம கொள்ளாம?" என்று கையை ஓங்கியவளிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தா வாசலில் வைத்துவிட்டுப் போன ஃபித்ராவைத் துணிப் பெரிம்மாவிடம் கொடுத்துவிட்டேன், இது அவர்கள் வீட்டு ஃபித்ரா, இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சொன்னார்கள், அம்மாவுக்குத்தான் தெரியுமாம், சீக்கிரம் சொல்லு யாருக்கென்று, ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

ஓங்கிய கை கீழே இறங்கியது. "அத்தா எங்கே பை வச்சாரு?"

"வாசல்லம்மா. படியில. நீ குளிச்சிட்டிருந்த."

அம்மா போய்ப் படியைப் பார்த்தாள். அங்கே நாலு அரிசி சிந்திக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. மைக்கில் இமாம் வரிசையைச் சரிசெய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். "சொல்லும்மா! யாருக்கு? தொழுகை ஆரம்பிச்சிட்டா வேஸ்ட்டும்மா! ரேஷன் கடைப் பக்கம் ஒரு பாட்டி இருக்காங்களே, அவங்களுக்கா? சொல்லும்மா!"

அம்மா திரும்பி வந்து என் தோளிலிருந்து பையை இறக்கினாள். பிஸ்மில்லா என்று சொல்லி வாங்கி, நெஞ்சோடு ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டாள்.

"குடுத்தாச்சு" என்றாள்.

"யாருக்கு?"

அவள் பையோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். மைக்கில் அல்லாஹு அக்பர் என்று தொழுகை தொடங்கியது. அடுப்படியில் அரிசி களைகிற சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பெரிய சட்டியில் அந்த அரிசி. அம்மா முழங்கை வரை கையை விட்டுக் களைந்துகொண்டிருந்தாள்.

நம்பி ஒப்படைத்த அமானிதத்தைத் தின்பவர்களுக்கு என்ன தண்டனை என்று ஆலிமா சொல்லியிருந்தார். என் அம்மா! அதுவும் பெருநாளும் அதுவுமாக!

"அம்மா, அது ஏழைங்க அரிசிம்மா" என்று கத்தினேன்.

"தெரியும்மா" என்றாள் அம்மா, திரும்பாமல். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது தண்ணீர் ஊற்றினாள்.

பத்தரைக்கெல்லாம் வீடு நெய்ச்சோறு வாசனையில் மிதந்தது. கறி இல்லை, உருளைக்கிழங்கு குருமா. எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு கிண்ணம் நிறையப் போயிற்று. திருடியதோடு நிற்காமல் தெருவுக்கெல்லாம் பங்கு வைக்கிறாளே என்று நான் வெந்துபோனேன். அத்தா வந்ததும் வராததுமாக, அவர் சலாம் சொல்லி என்னை அணைத்துக்கொண்டபோதே ஏழைகளுக்கென்று வந்த அரிசியை அம்மா ஆக்கிவிட்டாள் என்று காதில் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அம்மாவைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று கொஞ்சம் உறுத்தியது. ஆனால் மார்க்கம் முதலில், அம்மா அப்புறம்.

அத்தா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "யாரு குடுத்தது?"

"துணிக்கார அக்கா" என்றாள் அம்மா.

அத்தா உட்கார்ந்தார். தட்டில் சோறு விழுந்தது. வெகுநேரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இதோ திட்டப்போகிறார், தட்டைத் தள்ளப்போகிறார் என்று நான் கதவோரம் காத்திருந்தேன். அவர் பிஸ்மில்லா சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பரிமாறினாள்.

நான் வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். உண்மையில் குடலைப் பிடுங்கும் பசி. அம்மா இரண்டுமுறை கூப்பிட்டுப் பார்த்தாள், தம்பி குருமாவை விரலில் தொட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினான். நான் அசையவில்லை. அந்த வீட்டில் அல்லாவுக்குப் பயந்த ஆள் நான் ஒருத்திதான் மிச்சம்.

மதியம் பொறுக்க முடியாமல் துணிப் பெரிம்மா வீட்டுக்கே போனேன். நம்பிக் கொடுத்தவளுக்கு உண்மை தெரிய வேண்டும்.

"பெரிம்மா, நீங்க குடுத்த அரிசிய அம்மா யாருக்கும் குடுக்கல. எங்க வீட்டிலயே ஆக்கிட்டாங்க."

அவள் பதறுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஆக்கினாங்களா?" என்றாள். "உங்கத்தா துன்னாரா?"

"ரெண்டு தடவ வாங்கித் துன்னாரு."

"ரெண்டு தடவையா!" அவள் முகம் எல்லாம் பல்லாகிவிட்டது. நான் குற்றம் சொல்கிறேன், இவள் கல்யாண வீட்டுச் சேதி கேட்பது போல் கேட்கிறாள். "தம்பி? அவனும் நல்லா துன்னானா? நீ துன்னியா, கண்ணு?"

"நான் துன்னல" என்றேன். "ஏழைங்க அரிசிய நான் எதுக்குத் துன்னணும்?"

வருஷா வருஷம் எங்கள் வீட்டு அரிசியை என் கையால் வாங்கி உலை வைத்தவளிடம், தலையை நிமிர்த்திக்கொண்டு இதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் சேமியா எடுத்து வந்தாள்.

"இது என் ஊட்டு சேமியா. என் புள்ள சம்பளத்துல வாங்கினது. இத்த துன்னலாமில்ல?"

நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். இது யாருக்கும் கொடுக்கச் சொன்னதல்ல, இவளுடைய சொந்தச் சாமான், ஆகையால் கூடும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நான் கடைசி முந்திரியைத் துழாவி எடுக்கிற வரை அவள் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை சேமியா தின்பதில் கண் கலங்கிப் பார்க்க என்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே, கிண்ணத்தை வழித்து நக்கி அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.